நிலநடுக்கப் பொறியியலில் ஆசிரியப் பணி: சோதனைக்கூட அனுபவம் தேவையா?

கேள்வி:
வணக்கம். கட்டமைப்புப் பொறியியலில் எம்.இ. இறுதியாண்டு பயில்கிறேன். நிலநடுக்கப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, பேராசிரியராகப் பணியாற்ற விரும்புகிறேன். கணினிப் பகுப்பாய்வு மட்டும் தெரிந்திருந்தால் போதுமா?

மறுமொழி 1:
போதாது, தம்பி. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதி நிலநடுக்கத்தால் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில், தரைத்தளத்தைச் சுவரின்றி வாகன நிறுத்தமாக விட்டிருந்த அடுக்குமாடிகள் பல சரிந்தன. நிலநடுக்கத்தின்போது, தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் முனைகள் 135 பாகைக்கு உள்நோக்கி வளைக்கப்படாமல் 90 பாகையிலேயே நின்றுவிட்டால், மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் வளையம் விரிந்து, நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கிவிடும். இதைச் சோதனைக்கூடத்தில் நேரில் கண்டவர் பாடம் நடத்தும் விதமே வேறு.

மறுமொழி 2:
ரூர்க்கியில் 1960-இல் பொறியியலாளர் ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியால் தொடங்கிய பயிற்சிப் பள்ளிதான் இன்று அங்குள்ள ஐஐடியின் நிலநடுக்கப் பொறியியல் துறை. சென்னைத் தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும், கட்டமைப்பு மாதிரிகளை நிலநடுக்கம்போல் அசைத்துச் சோதிக்கும் அதிர்வு மேடை இருக்கிறது. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன், அவருடைய மாணவர்கள் சோதனைக்கூடத்தில் எவ்வளவு நாள் செலவிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. முதலில் தரமணிக்குக் கடிதம் எழுதுகிறேன்.