400 டிகிரி பாறையை ஆற வைப்பதா, அப்படியே விட்டுவிடுவதா?

பெரம்பூர்_டூப்:
ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட், அதுதான் நிலத்தடியில் காலனி கட்டுகிற கணினி விளையாட்டு, ஆடுகிறவர்கள் யாராவது முழித்திருக்கிறீர்களா? என் காலனியில் 240ஆவது சைக்கிள், அதாவது விளையாட்டின் 240ஆவது நாள். எரிமலை ஒன்றை அடைத்துவைத்து, மாக்மா கெட்டியானதும் தோண்டி எடுத்தேன். 60 டன் இக்னியஸ் பாறை, சராசரி 400 டிகிரி. பொருளைத் தானே நகர்த்திக்கொண்டு போகிற கன்வேயர் ரயிலில் ஏற்றிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் போனேன். ரயிலின் வாயை மீல்வுட் பண்ணைக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தது அப்போது ஞாபகம் இல்லை. வந்து பார்த்தால் 3 டன் அங்கே கொட்டிக்கிடக்கிறது, பண்ணை 41 டிகிரி. மீல்வுட் 30க்கு மேல் வளராது. டூப்புகள், அதாவது என் காலனி ஆட்கள், பட்டினி.

ரயிலை நிறுத்திவிட்டேன். கைவசம் 20 டிகிரியில் 60 டன் தண்ணீர் தொட்டி இருக்கிறது. பாறை முழுவதையும் அதில் தள்ளிவிடலாமா?

கத்திரிவெயில்:
தாராளமாகத் தள்ளு தம்பி. பட்டறையில் பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்குகிறார்கள் இல்லையா, அதேதான். இந்த விளையாட்டில் தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் 4.179, இக்னியஸ் பாறைக்கு வெறும் 1. அதாவது ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்குள் ஒரு கிலோ பாறை நாலு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். இதைவிட மலிவான வழி கிடையாது.

ஆவிவண்டி:
தம்பி, தள்ளிவிடாதே. கணக்கைப் போட்டுப் பார். 60 டன் பாறை 400இல், 60 டன் தண்ணீர் 20இல். இரண்டும் சேர்ந்தால் 93 டிகிரியில் வந்து நிற்கும். தண்ணீர் 99இல் ஆவியாகிவிடும், மயிரிழையில் தப்பிக்கிறாய். ஆனால் அதற்கப்புறம் உன்னிடம் 93 டிகிரிப் பாறையும் இருக்கும், 93 டிகிரித் தண்ணீரும் இருக்கும். நீ எதையும் ஆற வைக்கவில்லை. ஒரு தலைவலியை இரண்டாக்கியிருக்கிறாய், அவ்வளவுதான்.

வெப்பத்தைக் காலனியை விட்டே துரத்த வேண்டுமென்றால் ஸ்டீம் டர்பைன்தான். பாறையை ஆவி அறைக்குள் ரயிலில் சுற்றவிடு. டர்பைன் 125 டிகிரிக்கு மேல் உள்ள ஆவியை இழுத்து 95 டிகிரித் தண்ணீராகத் துப்பும். 200 டிகிரி ஆவி கிடைத்தால் நொடிக்குச் சுமார் 8.77 லட்சம் டிடியூ (விளையாட்டின் வெப்ப அலகு) வெப்பம் தின்றுவிடும், கூடவே 850 வாட் மின்சாரம். தின்றதில் பத்தில் ஒரு பங்கு டர்பைன் உடம்பிலேயே ஏறும், அதற்குத் தனியாகக் குளிர்ச்சி கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் 100 டிகிரியில் நின்றுவிடும். அது ஒன்றுதான் தொல்லை.

கத்திரிவெயில்:
அது ஒன்றுதானா? டர்பைனுக்கு 200 கிலோ பிளாஸ்டிக் வேண்டும், 800 கிலோ சுத்த உலோகம் வேண்டும். மீல்வுட் தின்கிற காலனியில் பிளாஸ்டிக் எங்கிருந்து வரும்? சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கையே போடுகிறேன். 60 டன் பாறையை 400இலிருந்து 125க்கு இறக்க 1650 கோடி டிடியூ போக வேண்டும். ஒரே டர்பைன், முழு வேகத்தில் ஓடினாலும் 31 சைக்கிள். ஆவி ஆற ஆற வேகமும் குறையும், அதனால் இன்னும் இழுக்கும். அதற்கப்புறமும் பாறை 125இல்தான் இருக்கும். பண்ணைக்கு 30 வேண்டும். மிச்சம் 95 டிகிரியை யார் இறக்குவது, நீங்களா?

ஆவிவண்டி:
அக்வாட்யூனர் என்கிற குளிரூட்டி இருக்கிறதே. தண்ணீரை ஓடவிட்டால் நொடிக்கு 5.85 லட்சம் டிடியூ நகர்த்தும். மிச்சத்துக்கு 16 சைக்கிள் போதும். அது உமிழ்கிற சூடும் அதே ஆவி அறைக்குத்தான் போகும், டர்பைன் பார்த்துக்கொள்ளும். இரும்பில் கட்டாமல் எஃகில் கட்டினால் 325 டிகிரிவரை தாங்கும்.

கத்திரிவெயில்:
பிளாஸ்டிக், எஃகு, 1200 வாட். நல்லது. டூப்புகள் அதுவரை காற்றைத் தின்னட்டும்.

என் வழியை முழுதாகச் சொல்லவே விடவில்லை நீங்கள். அந்த 93 டிகிரித் தண்ணீரை எலக்ட்ரோலைசரில் விடுங்கள். ஒரு கிலோ தண்ணீர் 888 கிராம் ஆக்ஸிஜனாகவும் 112 கிராம் ஹைட்ரஜனாகவும் பிரியும். ஆக்ஸிஜனின் ஏற்புத்திறன் சுமார் 1, ஹைட்ரஜனுக்கு 2.4. கூட்டிப் பார்த்தால் 4.179 இருந்த இடத்தில் 1.16தான் மிச்சம். அதே 93 டிகிரிதான், ஆனால் வெப்பத்தில் முக்கால் பங்கு போல மாயமாகிவிட்டது. ஒரு டர்பைன் கட்டாமல்.

ஆவிவண்டி:
அது விளையாட்டில் உள்ள ஓட்டை. அதை வைத்துக்கொண்டு ஆடுவது கள்ளாட்டம். பழைய பதிப்பில் தண்ணீர்ச் சல்லடை எதைப் போட்டாலும் 40 டிகிரியில்தான் வெளியே விடும். கொதிக்கிற அழுக்குத் தண்ணீரை ஊற்றியே காலனியைக் குளிர வைத்தார்கள். பிறகு அதைத் திருத்திவிட்டார்கள். உங்களுடையதும் ஒருநாள் போகும்.

தவிர, 93 டிகிரி ஆக்ஸிஜனை டூப்புகளின் படுக்கை அறைக்குள்ளா விடுவீர்கள்?

கத்திரிவெயில்:
பனிப் பகுதியில் கிடைக்கிற தெர்மோ நல்லிஃபையர் ஒன்று போதும். நொடிக்கு 80,000 டிடியூ இழுக்கும். ஒரு எலக்ட்ரோலைசரின் ஆக்ஸிஜனை 93இலிருந்து 25க்கு இறக்க 61,000தான் வேண்டும். அதற்கான ஹைட்ரஜனும் எலக்ட்ரோலைசரிலிருந்தே வருகிறது.

ஓட்டை என்கிறீர்களே, உங்கள் டர்பைன் மட்டும் என்ன யோக்கியம்? டிடியூவை ஜூல் என்று வைத்தால், 877 கிலோவாட் வெப்பத்தை விழுங்கி 850 வாட் மின்சாரம் தருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு. மிச்சம் எங்கே போனது? கல்பாக்கத்தில் 220 மெகாவாட் யூனிட் ஒன்று ஓடினால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தைக் கடல்நீர் வாங்கிக்கொள்கிறது. நிஜத்தில் அதற்குக் கடல் வேண்டும். உங்கள் டர்பைனுக்குக் கடலும் இல்லை, கால்வாயும் இல்லை.

ராயபுரம்_ரசிகன்:
ரெண்டு பேரும் சண்டை போடுங்க, நான் டீ போட்டுட்டு வரேன்.

வெட்டிவேர்:
ஏசி விற்கிற, பொருத்துகிற தொழிலில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், அதனால் அக்வாட்யூனரைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒன்றரை டன் ஏசி சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள ஒன்றரை கிலோவாட் மின்சாரம் கேட்கும். மூன்றரை மடங்கு. அக்வாட்யூனர் 1.2 கிலோவாட்டில் 585 கிலோவாட் தள்ளுகிறது. ஏறக்குறைய 490 மடங்கு! இப்படி ஒரு மெஷின் கிடைத்தால் கத்திரி வெயிலில் எனக்கு போனே வராது.

ஆனால் தம்பியிடம் நான் கேட்க வருவது வேறு. 60 டன் பாறையும் உனக்கு இப்போது எதற்கு? எந்தக் கட்டடத்துக்கு? 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்ததே, அன்றைக்கு யாராவது ஊரையா குளிர வைத்தார்கள்? படுக்கிற அறையைத்தான் குளிர வைத்தார்கள். பல அடுக்குமாடிகளில் எல்லா வீட்டு அவுட்டோர் யூனிட்டையும் நடுவில் இருக்கிற சந்துக்குள் மாட்டிவிடுவார்கள். உள்ளே ஊட்டி, சந்துக்குள் அடுப்பு. கடைசியில் எல்லா ஏசியும் மூச்சுத் திணறும். நீ இங்கே செய்யப் பார்ப்பதும் அதுதான்.

பாறை எரிமலை அறையிலேயே கிடக்கட்டும். சுற்றிலும் இன்சுலேட்டட் டைல், இடையில் ஒரு வரிசை வெற்றிடம். இந்த விளையாட்டில் வெற்றிடத்தை வெப்பம் கடக்காது. தேவைப்படும்போது தேவைப்படும் அளவு எடுத்து ஆற்று. பின்னால் பிளாஸ்டிக் வந்ததும் அதே சூடு உனக்கு மின்சாரம். இன்றைக்கு அதைக் கஷ்டப்பட்டு அழித்துவிட்டு, நாளைக்கு நிலக்கரி தேடி அலைவாயா?

இன்னொன்று. தோண்டும்போது பாறையின் எடையில் பாதி காணாமல் போகும், சூடும் அதோடு போகும். நீ கவனித்தாயோ என்னவோ, 120 டன்னின் வெப்பத்தில் பாதியை ஏற்கெனவே ஒழித்துவிட்டாய். கள்ளாட்டம் என்று பேசுகிறவர்கள் தோண்டாமலா ஆடுகிறார்கள்?

ஆவிவண்டி:
அக்கா சொல்வதில் கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ‘அப்படியே விடு’ என்பதை ஏற்க முடியாது. எரிமலை சும்மா இருக்காது, மறுபடி கக்கும். அறை நிரம்பினால்?

வெட்டிவேர்:
நிரம்பட்டும், அப்போது டர்பைன் கட்டட்டும். அப்போது கட்டுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே.

ராயபுரம்_ரசிகன்:
டீ வந்தாச்சு. ஒரு சந்தேகம். டம்ளரிலேயே வைத்தால் டீ ஆற நேரமாகிறது, டபராவில் ஊற்றி ஆற்றினால் உடனே குடிக்கலாம். பாறையையும் அப்படி ஆற்ற ஒரு வழி கிடையாதா?

வெட்டிவேர்:
இருக்கிறது. ரயிலே அப்படி ஆற்றுகிற வழிதான். 60 டன்னும் ஒரே குவியலாகக் கிடந்தால், இருக்கிற கட்டத்தையும் அடியில் உள்ள தரையையும் மட்டும்தான் தொடும். ரயிலில் ஏறினால் 20 கிலோ பொட்டலங்களாகப் பிரிந்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போகும். பாதை நீளமாக, தண்ணீருக்குள் வளைந்து வளைந்து போக வேண்டும். நேர்க்கோட்டில் விட்டால் சூடு குறையாமல் மறுமுனைக்கு வந்துவிடும்.

பெரம்பூர்_டூப்:
அண்ணன்கள், அக்கா எல்லோருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். 55 டன் எரிமலை அறையிலேயே இருக்கட்டும். 5 டன் மட்டும், பண்ணைக்கு வந்த 3 டன்னையும் சேர்த்து, தொட்டி வழியாக வளைத்து ரயில் விடுகிறேன். 5 டன்னையும் 400 என்றே வைத்துக் கணக்குப் போட்டேன், தொட்டி 27.4இல் நிற்கிறது. மீல்வுட் பிழைக்கும்.

கத்திரிவெயில்:
ஆக, தண்ணீர்தான்! நான் முதலிலேயே சொன்னது!

ஆவிவண்டி:
அடுத்த 5 டன் போட்டால் அதே தொட்டி 34.7க்குப் போகும் நண்பரே. பண்ணை காலி. அப்போது எந்தத் தண்ணீர்?

கத்திரிவெயில்:
அதற்குத்தான் எலக்ட்ரோலைசர் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பெரம்பூர்_டூப்:
அண்ணா, ஒரு நிமிஷம். ரயிலுக்கு வழி போட்டேன், ஆனால் பழைய 3 டன்னை எடுக்கச் சொன்னதும் ஒரு டூப் அதைத் தூக்கிக்கொண்டு பண்ணை வழியாகவே தொட்டிக்குப் போகிறான். கதவைப் பூட்டினால் மற்றவர்கள் சாப்பிட முடியாது. என்ன செய்ய?