இரவுப் பொங்கல் வீடியோ: சுருக்கினால் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது

முள்ளியவளைக் கமரா:
வணக்கம். கலியாணவீடு, திருவிழா என்று வீடியோ எடுத்துக் கொடுக்கிறவன் நான். இந்த முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை 4கே-யில் எடுத்தேன். கமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிவதால் ஒரு மணி நேரமே 45 ஜிபி. காவடி எடுத்த பெடியனின் சொந்தங்கள் கனடாவில். அவர்களுக்கு ஒன்றரை மணி நேர வீடியோவை வட்ஸ்அப்பில் டொக்கியுமென்டாக, 2 ஜிபிக்குள் அனுப்பவேண்டும். ஹாண்ட்பிரேக் என்கிற சுருக்கும் மென்பொருளில் எச்.264 முறை, 1080பி அளவு என்று சுருக்கினேன். பகல் காட்சிகள் வடிவாக இருக்கின்றன. இரவுதான் பிரச்சினை. கற்பூரப் புகை கட்டிகட்டியாகத் தெரிகிறது, விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு, பின்னால் நிற்கிற சனத்துக்கு மூக்கு வாயே இல்லை. அதற்குப் பிந்தின எச்.265 முறைக்கு மாறினால் சரிவருமா?

கிளிநொச்சி வாசி:
மாறுங்கோ. அதே தரம், பாதி அளவு.

வவுனியா ஸ்டுடியோ:
பாதி என்பது நல்ல வெளிச்சத்தில், நல்ல மூலத்தில். இரவுக் காட்சியில் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள்.

தம்பி, கணக்கைப் பாருங்கோ. 2 ஜிபியை 90 நிமிடத்துக்குப் பிரித்தால் ஒலியோடு சேர்த்து நொடிக்கு 3 மெகாபிட் கூட வராது. அந்தக் கொஞ்சத்தை எது தின்னுகிறது? இருட்டில் ஐஎஸ்ஓ-வை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, ஏற்றித்தானே எடுத்திருப்பீர்கள். அதனால் படத்தில் வருகிற புள்ளி இரைச்சல் பிரேமுக்குப் பிரேம் மாறும். முந்தின பிரேமைப் பார்த்து அடுத்ததை ஊகிப்பதில்தான் என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் நிரல்) இடத்தை மிச்சம் பிடிக்கிறது. இரைச்சலை ஊகிக்க ஏலாது. அதனால் பிட்டெல்லாம் இரைச்சலுக்குப் போய், புகைக்கும் முகத்துக்கும் மிஞ்சுவதில்லை.

ஆகவே முதலில் என்எல்மீன்ஸ் என்கிற இரைச்சல் வடிகட்டியை மெல்லியதாகப் போடுங்கோ. கூட்டினால் புகையும் சேர்ந்து அழியும். அடுத்தது எச்.265 10-பிட், அதாவது நிறத்தின் படிகள் கூடின வகை. மூலம் 8-பிட்டாக இருந்தாலும் பரவாயில்லை, விளக்கைச் சுற்றி வருகிற வளையங்கள் நன்றாகக் குறையும். மேலதிக விருப்பங்களில் ஏக்யூ-மோட் 3 கொடுங்கோ, அது இருண்ட பகுதிகளுக்குக் கூடுதலாகப் பிட் ஒதுக்கும். பிரிசெட் (வேக அமைப்பு) 'ஸ்லோ'. அளவு கட்டாயம் என்பதால் சராசரி பிட்ரேட் (நொடிக்கு இத்தனை பிட் என்ற கணக்கு), இரண்டு பாஸ் (முதலில் அலசி, பிறகு சுருக்குவது).

இன்னொன்று, 1080பி-யை விடுங்கோ. இந்தப் பிட்ரேட்டில் 720பி-தான் சுத்தமாக வரும். போனில் பார்க்கிற ஆளுக்கு வித்தியாசமே தெரியாது. 1080 என்று எழுதியிருப்பது வாடிக்கையாளருக்குப் பெருமை, அவ்வளவுதான்.

மல்லாவிப் பொறியியல் மாணவி:
அண்ணா, பிஎஸ்என்ஆர் என்கிற தர எண்ணை அளந்து பார்த்து அமைப்பைத் தெரிவு செய்தால் என்ன? எண் கூடினால் தரம் கூடத்தானே?

வவுனியா ஸ்டுடியோ:
அங்கேதான் சிக்கல் தங்கச்சி. பிஎஸ்என்ஆர் ஒவ்வொரு பிக்சலும் மூலத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று மட்டும்தான் பார்க்கும். ஒரு இடத்தை மழுப்பிவிட்டால் விலகல் குறைவு, எண் நல்லாக வரும். கண்ணுக்கோ அது செத்த படம். எச்.264, எச்.265-க்கான என்கோடர்களான எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டிலும் 'சைக்கோவிஷுவல்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. துல்லியம் கொஞ்சம் போனாலும் மூலத்தின் சொரசொரப்பை அது காப்பாற்றும். அதைப் போட்டால் பிஎஸ்என்ஆர் இறங்கும், படம் உயிரோடு இருக்கும். எக்ஸ்264-இல் 'டியூன் பிஎஸ்என்ஆர்' என்று தெரிவு செய்தால் அந்த ஏற்பாடு நிற்கும். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வெளியிட்ட விமாஃப் என்கிற தர அளவுகோல் கண்ணுக்குக் கிட்ட வருகிறது, ஆனாலும் இருட்டில் வருகிற வளையங்களை அது பெரிதாகப் பிடிப்பதில்லை.

எண்ணை விட, புகையும் காவடியும் சேர்ந்து வருகிற ஒரு அரை நிமிடத்தை மட்டும் வெட்டிச் சுருக்கி, அறையை இருட்டாக்கிப் பாருங்கோ. அது தப்பினால் மற்றதெல்லாம் தப்பும்.

முள்ளியவளைக் கமரா:
நன்றி அண்ணை. பெடியனின் தாய் பென்டிரைவில் போட்டு வீட்டு ரிவியிலும் பார்க்கவேண்டும் என்கிறா. 10-பிட் அதில் ஓடுமா?

வவுனியா ஸ்டுடியோ:
4கே ரிவி என்றால் எச்.265 10-பிட் பெரும்பாலும் ஓடும். எச்.264 10-பிட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அநேகமான ரிவி எடுக்காது. பழைய ரிவி என்றால் சாதாரண 8-பிட் எச்.264, சிஆர்எஃப் (அளவை விட்டுத் தரத்தை நிலையாக வைக்கும் முறை) 20. பென்டிரைவில் இடம் இருக்கும்தானே, அளவைப் பற்றி யோசிக்கவேண்டாம். வளையம் கொஞ்சம் தெரியும். மகன் காவடியோடு வருகிற நேரம் அந்த மனுசி வானத்தைப் பார்க்கப் போவதில்லை.