ஆர்எக்ஸ் 100: எஞ்சின் சூடானா ஐடில் இறங்க மாட்டேங்குது, உதவி தேவை

கல்லிடை ஆர்எக்ஸ்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். மாமாகிட்ட இருந்து என் கைக்கு வந்த வண்டி. காலையில உதைச்ச உடனே ஸ்டார்ட் ஆயிரும், ஐடிலும் (த்ராட்டில் கொடுக்காம சும்மா ஓடுறது) ஒழுங்கா நிக்கும். கல்லிடைக்குறிச்சியில கிளம்பி சேரன்மகாதேவி தாண்டுற வரைக்கும் ஒரு குறையும் இல்ல. எஞ்சின் நல்லா சூடான பிறகுதான் தொந்தரவு. த்ராட்டிலை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காம நின்னு கத்துது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் திரும்பிப் பாக்காங்க. ஐடில் ஸ்க்ரூவை முழுசா வெளிய திருப்பியும் பிரயோஜனம் இல்ல.

ஒர்க்‌ஷாப்ல கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி, பிளக்கையும் மாத்திக் கொடுத்தாங்க. அன்னைக்கு சாயங்காலமே திரும்ப அதே கூத்து. இனிமே புது கார்புரேட்டர்தான்னு சொல்லுதாங்க. அடுத்த வாரம் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு இதுலதான் போகணும். கார்புரேட்டர் வாங்கிரலாமா?

பேட்டை பையன்:
கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளை இருக்குல்லா, அந்த மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசு போடு நண்பா, எல்லாம் அடங்கிரும். எங்க ஏரியாவுல எல்லாரும் அப்படித்தான் ஓட்டுதோம்.

நாங்குநேரி காத்து:
இப்ப வர்ற பெட்ரோல்தான் காரணம். 20 சதவீதம் எத்தனால். பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு ஆவாது.

டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி:
தம்பி, காசை உடனே கொண்டு போய்க் கொட்டிராதீங்க. கார்புரேட்டர் மேல எனக்குச் சந்தேகம் கம்மி.

ஐடில் ஸ்க்ரூ செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணுதான். காத்து வழியை மூடித் திறக்குற ஸ்லைடு எவ்வளவு கீழ இறங்கி உக்காரணும்னு அது தாங்கிப் பிடிக்கும். அதை முழுசா வெளிய எடுத்தாச்சுன்னா ஸ்லைடு அடிவரைக்கும் மூடியாச்சு. மூடின பிறகும் எஞ்சின் கத்துதுன்னா அதுக்கு வேற எங்கன இருந்தோ காத்து கிடைக்குது. ஸ்லைடைத் தலைகீழா மாட்டியிருந்தா, வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் இல்லாம எஞ்சின் பக்கம் இருந்தா, ஸ்லைடு கீழ இறங்காமலே நிக்கும். ஆனா அது காலையில முதல் உதையிலேயே கத்தணும். உங்க வண்டி குளிர்ல சரியா நிக்குது. சூட்டுல விரியுற ஒரு இடம்தான் நம்ம திருடன்.

மெயின் ஜெட் போடச் சொன்ன தம்பிக்கு: அது த்ராட்டிலை முக்காலுக்கு மேல திறந்தாத்தான் பேசும். ஐடில்ல பேசுறது பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். எத்தனால் கலவையைக் கொஞ்சம் லீன் ஆக்கும் (பெட்ரோல் குறைச்சல், காத்து கூடுதல்), பழைய ரப்பரைக் கெடுக்கும், ரெண்டும் வாஸ்தவம். ஆனா ஊர்ல ஓடுற எல்லா ஆர்எக்ஸும் இப்படிக் கத்தலையே?

முதல்ல எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க. சத்தம் ஏறி இறங்குச்சுன்னா கேபிள் இழுத்துக்கிட்டு நிக்குது. அது சரின்னா, சூடாகிக் கத்தும்போது சோக்கை லேசாத் தூக்குங்க. சத்தம் இறங்கி எஞ்சின் சாந்தமாச்சுன்னா காத்து கூடுதல், பெட்ரோல் குறைச்சல்னு உறுதி. அப்படியே பிளக்கையும் கழட்டி ஒரு போட்டோ போடுங்க.

கேடிசி நகர் வாசி:
வண்டி கொடுக்கிற ஐடியா இருந்தா சொல்லுங்க. பேப்பர் கரெக்டா இருக்கா?

கல்லிடை ஆர்எக்ஸ்:
கொடுக்கிற ஐடியா இல்லீங்க.

அண்ணாச்சி, ஹேண்டிலைத் திருப்பினா மாற்றம் இல்ல. சோக்கைத் தூக்கினதும் பொத்துனு இறங்கிட்டு! பிளக் புதுசுதான், ஆனா நுனி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு. கார்புரேட்டரை எஞ்சினோட சேக்குற ரப்பரைச் சுத்தி சோப்புத் தண்ணி அடிச்சும் பாத்தேன். சத்தத்துல மாற்றம் தெரியல.

பொருநை ரைடர்:
சோப்புத் தண்ணியோட நிறுத்துனீங்களே, நல்லது. கார்புரேட்டர் கிளீனர் அடிச்சுப் பாக்கச் சொல்லி நிறைய வீடியோ கிடக்கு. சூடான சைலன்சர் பக்கத்துல அதை அடிக்கிறது வெளையாட்டு இல்ல, குப்புனு பிடிச்சிரும்.

அந்த ரப்பர் இல்லைன்னா ரீட் பிளாக் (காத்தை உள்ள மட்டும் விடுற வால்வு) கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், மேக்னெட் பக்கம் இருக்குற கிராங்க் ஆயில் சீல். வலது பக்க சீல் போனா கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும், கியர் ஆயிலும் குறையும். இடது பக்க, அதாவது மேக்னெட் பக்க சீல் சத்தமே காட்டாம காத்தை மட்டும் உள்ள விடும். மேக்னெட் கவரைக் கழட்டிப் பாருங்க. சீல் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சந்தேகப்படலாம்.

டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி:
பொருநை சொன்னது சரி. யூகம் வேண்டாம்னா பிரஷர் வச்சுப் பாத்திரலாம். பிபி பாக்குற பழைய மாடல் மெஷின் இருக்குல்லா, பல்பும் மீட்டரும் உள்ளது, அது போதும். சைலன்சரைக் கழட்டி எக்ஸாஸ்ட் வாயில சைக்கிள் ட்யூப் துண்டை வச்சு இறுக்குங்க. பிளக் அதோட இடத்துல இருக்கட்டும். கார்புரேட்டரை எடுத்துட்டு அந்த ரப்பர் வாயில ஒரு அடைப்பு, அதுல ட்யூப். பிஸ்டனைக் கீழ கொண்டு வந்துட்டுப் பல்பை அமுக்குங்க. மீட்டர்ல 300 வந்தா ஆறு பிஎஸ்ஐக்குக் கிட்ட. அதுக்கு மேல ஏத்தாதீங்க, நல்ல சீலும் பிதுங்கிரும். முள் அப்படியே நின்னா எஞ்சின் சுத்தம். இறங்குச்சுன்னா சோப்பு நுரையைத் தடவுங்க, குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. பிளக் ஓட்டை வழியா அடிக்காதீங்க. உள்ள இருந்து வர்ற அழுத்தத்துல ரீட் மூடிக்கிடும், இன்டேக் பக்க ஓட்டை தெரியாமலே போயிரும்.

கல்லிடை ஆர்எக்ஸ்:
பிபி மெஷினுக்கு எங்க போக? பக்கத்துல ஒரு டாக்டர்தான். அவர்கிட்ட வண்டிக்குன்னு கேட்டா முதல்ல எனக்குப் பிபி பாத்துருவாரு.

டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி:
அப்போ அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஆயில் பம்ப் ஓடுதா, இல்ல எடுத்துட்டு பெட்ரோல்ல ஆயில் கலந்து ஓட்டுறீங்களா?

கல்லிடை ஆர்எக்ஸ்:
மாமா காலத்துலயே பம்பை எடுத்தாச்சு. லிட்டருக்கு 30 மில்லி கலந்துதான் ஓட்டுதேன்.

டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி:
அதைக் கேளுங்க! பம்ப்ல இருந்து ஒரு சின்ன ஆயில் ட்யூப் கார்புரேட்டர் பக்கம் வந்து சேரும். பம்பை எடுத்தவங்க அந்த ட்யூப் மாட்டுற நிப்பிளை எதை வச்சு அடைச்சாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு ரப்பர் மூடி, இல்லைன்னா ட்யூப் துண்டுல ஒரு ஆணி. வருஷக்கணக்கா எஞ்சின் சூட்டுல கிடந்தா ரப்பர் வெடிக்கும். குளிர்ல வெடிப்பு சேந்து நிக்கும், சூடானா வாயைத் திறக்கும். பெரிய ரப்பரைச் சுத்தித் தண்ணி அடிக்கிறவங்க கண்ணுக்கு இது தப்பிரும். வண்டி கத்தும்போது அந்த இடத்தை விரலால அமுக்கிப் பாருங்க, சுடும், கவனம்.

கல்லிடை ஆர்எக்ஸ்:
அண்ணாச்சி, அதேதான்! டார்ச் அடிச்சுப் பாத்தா ரப்பர் மூடியில குறுக்கா வெடிப்பு. வீரவநல்லூர் வரை ஓட்டிச் சூடாக்கிட்டு வந்து, துணியைச் சுத்தி விரலை வச்சு அமுக்கினேன். டக்குனு இறங்கிட்டு, விரலை எடுத்தா திரும்பக் கத்துது. இப்போதைக்குப் புது பெட்ரோல் ட்யூப் துண்டுல போல்ட் சொருகி ரெண்டு பக்கமும் கிளிப் போட்டிருக்கேன். ஆனா இப்ப ஐடிலே நிக்காம ஆஃப் ஆயிருது.

பொருநை ரைடர்:
ஐடில் ஸ்க்ரூவை முழுசா வெளிய விட்டது நீங்கதானே, பிறகு எப்படி நிக்கும்! எஞ்சினைச் சூடாக்கிக்கிடுங்க. ஏர் ஃபில்டர் பக்கம் இருக்குற சின்ன ஸ்க்ரூதான் ஏர் ஸ்க்ரூ. அதை மெதுவா உள்ள உக்கார விட்டு ஒண்ணரைச் சுத்து வெளிய எடுங்க. ஐடில் ஸ்க்ரூவை ஏத்தி வண்டியை நிக்க வைங்க. பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து கால் சுத்தா அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி ஆர்பிஎம் அதிகமா வர்ற இடத்துல விடுங்க. கடைசியா ஐடிலைக் குறைச்சுக்கிடுங்க. ஏர் ஸ்க்ரூவை முழு பலத்தோட இறுக்கினா நுனி போயிரும்.

கல்லிடை ஆர்எக்ஸ்:
செஞ்சாச்சு. ஜங்ஷன் வரை போயிட்டு வந்தேன், எல்லா சிக்னல்லயும் அமைதியா நிக்குது. பிளக் நுனியும் பழுப்பாகிட்டு வருது. கார்புரேட்டர் காசு மிச்சம். இனி காரையார் ரோட்டுல தைரியமா ஏறலாமா?

டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி:
ஏறுறது பிரச்சனை இல்ல, இறங்குறதுலதான் கவனம். கலந்து ஓட்டுற வண்டிக்கு த்ராட்டிலை மூடினா பெட்ரோலோட சேத்து ஆயிலும் நின்னுரும். பாபநாசம் இறக்கம் முழுக்க கியர்ல விட்டு த்ராட்டிலை மூடியே வந்தா பிஸ்டன் பிடிச்சிரும். இடையிடையே கிளட்சைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கி விட்டுக்கிட்டே வாங்க. பழைய மூடியோட இறங்கியிருந்தீங்கன்னா சிலிண்டர் போர் வேலை (உள்பக்கம் கடையுற வேலை) வந்திருக்கும்.

வள்ளியூர் ஸ்ப்ளெண்டர்:
என் பழைய ஸ்ப்ளெண்டர்லயும் இதே மாதிரிதான். கார்புரேட்டரைக் கழட்டி மாட்டின பிறகு ஐடில் ஏறி நிக்குது. அதுல ஆயில் பம்ப் எல்லாம் கிடையாதே?

டூ ஸ்ட்ரோக் அண்ணாச்சி:
ஃபோர் ஸ்ட்ரோக்ல இந்த நிப்பிள் கதை இல்ல. கார்புரேட்டரைப் பிடிக்கிற ரெண்டு நட்டையும் கைப்பலம் எல்லாம் போட்டு இறுக்கியிருப்பாங்க, ஃபிளேஞ்ச் நடுவுல வளைஞ்சிரும். கழட்டி ஒரு கண்ணாடித் துண்டு மேல வச்சுப் பாருங்க, ஆடுச்சுன்னா அதேதான். கண்ணாடி மேல எமரி ஷீட்டை விரிச்சு எட்டு போடுற மாதிரி தேய்ச்சுச் சமமாக்குங்க. புது ஓ ரிங் போட்டு, ரெண்டு நட்டையும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.