ரோல்ஓவருக்கு ‘நாட்புரள்வு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்,

கணினியின் தேதி எண்ணி அதன் எல்லையைத் தொட்டதும் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பிவிடுவதை ரோல்ஓவர் (rollover) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘வழிதல்’ என்றே வைத்துவிடலாம் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். எண் கொள்ளளவை மீறும் ஓவர்ஃப்ளோவுக்கு (overflow) அது நல்ல சொல்தான். ஆனால் குடம் வழிந்தாலும் குடம் நிறைந்தேதான் இருக்கும், ரோல்ஓவரில் குடமே காலியாகிவிடுகிறது. ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கமாக மட்டும் வைத்திருந்த கணினிகளில், 2000 பிறந்தபோது 99க்குப் பின் 00 வந்தது இப்படித்தான். ஜிபிஎஸ் வார எண்ணுக்குப் பத்தே பிட் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்) என்பதால் 1023ஆம் வாரம் முடிந்ததும் மறுபடி 0, 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரலில் இன்னொருமுறை.

அடுத்தது 2038. போன வாரம் ஒரு பழைய வருகைப்பதிவுக் கருவியை மேசையில் வைத்து, வலைக் கம்பியைக் கழற்றிவிட்டு (இல்லையென்றால் அதுவே சரியான நேரத்தை இழுத்துக்கொள்ளும்), தேதியை 2038 ஜனவரி 19, காலை 8:43 என்று மாற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 8:44:07 வரை ஒழுங்காக ஓடியது. அடுத்த நொடி திரையில் 1901 டிசம்பர் 14. 1970 தொடங்கி நொடிகளை எண்ணிவரும் 32 பிட் கணக்கு 2,147,483,647ஐத் தொட்டதும் குறி மாறி, எதிர்மறையின் அடிக்கோடிக்குப் போய்விடுகிறது. இதைப் போய் வழிந்தது என்று எப்படிச் சொல்வது? புரண்டுவிட்டது என்றுதான் வாயில் வந்தது.

யோசித்துப் பார்த்தால் ‘புரள்’ இரண்டுக்குமே இடம் கொடுக்கிறது: ஆறு கரைபுரண்டு ஓடுகிறது, தூங்குகிறவர் புரண்டு படுக்கிறார். கொள்ளளவு மீறுவதும் மறுபக்கம் திரும்புவதும் ஒரே வினையில் வந்துவிடுகின்றன. ‘புரட்டு’ நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம், ஆனால் அது பிறவினை, ‘புரள்வு’ என்றால் அந்தக் குழப்பம் வராது.

ஆக, என் பரிந்துரை: பொதுவாக நாட்புரள்வு, ஜிபிஎஸ்ஸுக்கு வாரப்புரள்வு, 2038க்கு நொடிப்புரள்வு. நாட்குறிப்பும் நாட்காட்டியும் புழங்கும் மொழியில் இது உறுத்தாது. முன்கூட்டிச் செய்யும் வேலைக்குப் ‘புரள்வுச் சோதனை’, தேறிய கருவிக்குப் ‘புரள்வு தாங்கும்’ என்று ஒட்டினால் போதும். தேறிய கருவியைக் குறிக்க ஆங்கில ‘compliant’ போல ‘இணக்கம்’ என்பது எனக்குப் பிடிக்கவில்லை, கருவி யாரோடு இணங்குகிறது என்ற கேள்வி நிற்கிறது.

அவசரம் ஏன் என்றால், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் (kernel) 5.6ஆம் பதிப்பு முதல் 32 பிட் கணினிகளிலும் 64 பிட் நேரம் கிடைக்கிறது, ஆனால் மின்தூக்கி, ஜெனரேட்டர் பலகை, கதவுப் பூட்டு இவற்றுக்குள் இருக்கும் பழைய மென்பொருளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவற்றைப் பராமரிப்பவர்கள் கையில் கொடுக்க ஒரு தமிழ்ச் சோதனைத் தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள், தலைப்பு மட்டும்தான் பாக்கி.