சாயர்புரத்துக்கும் சாயத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழையபட்டா: தூத்துக்குடி, நெல்லைப் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டது: சாயம் காய்ச்சியதால் சாயர்புரம், தோணி கட்டியதால் டோனாவூர். மிஷனரிகள் வைத்த பெயர் என்பதெல்லாம் பிற்பாடு கட்டிய கதை.

தேரிக்காட்டான்: அண்ணாச்சி, டோனாவூர் களக்காட்டுக்குப் பக்கத்துல, மலையடிவாரத்துல இருக்கு. அங்க தோணியை எந்தத் தண்ணியில விடுவீக? பிரஷ்யாவுல டோனா பிரபுன்னு ஒருத்தர் கிறிஸ்தவக் கோயில் கட்டப் பணம் அனுப்பினார். மிஷனரி ரேனியஸ் ஐயர் அவர் பேரையே ஊருக்கு வச்சிட்டார். முந்தின பேர் புலியூர்க்குறிச்சி. சாயர்புரமும் சாமுவேல் சாயர்ங்கிற வியாபாரி பேருதான்.

பழையபட்டா: சரி, தோணியை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது இன்னும் மோசம். காசு கொடுத்தவர் பெயருக்காகப் புலியூர்க்குறிச்சி போனது. சாண்பத்து நாசரேத் ஆனது. நெடுவிளை மெய்ஞ்ஞானபுரம் ஆனது. விளை, பத்து, குறிச்சி என்று மண்ணைச் சொன்ன பெயர்கள் எல்லாம் போச்சே!

விளைக்காரி: எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. முதலூர் 1799-ல் உருவானது. மதம் மாறினதுக்காக அடி வாங்கினவங்க தனியா நிலம் வாங்கிக் குடியேறின முதல் ஊர், அதான் முதலூர். அங்க எந்தப் பேரை யார் அழிச்சா? (மஸ்கோத் அல்வாவுக்காக மட்டும் அந்த ஊரை ஞாபகம் வச்சிருக்கிறவங்க கவனிக்க.)

தேரிக்காட்டான்: இடையன்குடியையும் சேத்துக்கோங்க. கால்டுவெல் 1841-ல் வந்தார், ஐம்பது வருஷம் அதுதான் அவருக்கு ஊர், கடைசியில அந்த ஊர்க் கோயில்லயே அடக்கம். தெருவை எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி போட்ட மனுஷன், பேர்ல கைவைக்கலியே.

பழையபட்டா: ஒரு இடையன்குடியைக் காட்டி நெடுவிளைக்குக் கணக்கு முடிக்க முடியாது. மேய்ப்பன் என்ற அர்த்தம் வந்ததால் அது பிழைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

விளைக்காரி: அது உங்க ஊகம். பேர் போச்சுன்னு சொல்றீங்களே, எங்க ஆச்சி வீட்டுப் பனங்காட்டுப் பத்திரத்தைப் பாத்திருக்கேன். சேகரம் (சபை வட்டாரம்), கோயில் ஒண்ணும் அதுல கிடையாது. "வடக்கே ஒத்தப்பனை விளை, கிழக்கே தேரி ஓடை"ன்னுதான் எல்லை எழுதியிருக்கு. பனையேற வர்றவரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வழி கேப்பார். போர்டுலதான் பேர் மாறியிருக்கு.

பழையபட்டா: உங்கள் ஆச்சி காலத்தோடு அதுவும் போகும். உங்கள் பிள்ளைக்கு ஒத்தப்பனை விளை எந்தப் பக்கம் என்று தெரியுமா?

விளைக்காரி: ... தெரியாது. அந்தப் பனையே இப்ப இல்ல.

தேரிக்காட்டான்: அந்தப் பத்திரத்தைப் படம் எடுத்துப் போடுங்க தாயி. நாலு எல்லையும் தெரியுற மாதிரி.

விளைக்காரி: ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஊருக்குப் போறேன். ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறக்க விட்டா போடுறேன்.