முதல் வெப் சர்வர்: கையிலிருக்கும் ராஸ்பெரி பையா, வாடகை விபிஎஸ்ஸா?

தும்பி:
முதல் வெப் சர்வர் அமைக்க, ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கணினியோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். மானிட்டர், கீபோர்டு எதுவும் மாட்டவில்லை. மெமரி கார்டில் ஓஎஸ் எழுதும்போதே பயனர் பெயர், வைஃபை, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்தே உள்ளே நுழைந்தேன். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை நிறுவிவிட்டு, போன் பிரவுசரில் பையின் ஐபியைத் தட்டியதும் வரவேற்புப் பக்கம் வந்து நின்றது. அப்படி ஒரு சந்தோஷம்! பிறகு நானே எழுதிய பக்கத்தை ஹோம் ஃபோல்டரில் போட்டு, கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்), பக்கம் எங்கே என்று சொல்லும் ரூட் வரியை அங்கே திருப்பினேன். அதிலிருந்து, அனுமதி இல்லை என்னும் 403 ஃபர்பிடன்தான். கூட வேலை பார்க்கும் நண்பன், "பையோடு நேரத்தை வீணாக்காதே, விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடு" என்கிறான். அவசரமென்றால் ஃபோல்டருக்கு 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், போடச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

கல்தச்சன்:
விபிஎஸ் விஷயத்தில் உங்கள் நண்பர் பக்கம்தான் நான். 777 மட்டும் வேண்டாம்.

சாதாரண பக்கங்களைக் கொடுக்க பை 3-இன் 1 ஜிபி ராம் தாராளம், வேகத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் சர்வர் கற்க வந்தவர் மெமரி கார்டு, சார்ஜர், ரவுட்டர் என்று வழியிலேயே மாட்டிக்கொள்கிறார். ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் இணைப்பு கொடுப்பவர் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். வெப் பக்கங்களுக்கான வாசலான போர்ட் 80-ஐ நீங்கள் எவ்வளவு திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. விபிஎஸ்ஸிலும் அதே டெபியன் வகை ஓஎஸ், அதே கமாண்ட், அதே 403. கூடவே டொமைன் பெயர், பாதுகாப்புச் சான்றிதழ் என்று கடைசிப் படி வரை போகலாம்.

நிலவறை:
முதலில் 403-ஐத் தீர்ப்போம். என்ஜின்எக்ஸ் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, www-டேட்டா என்ற தனிப் பயனராக ஓடுகிறது. புதிய பதிப்புகளில் ஹோம் ஃபோல்டரின் அனுமதி 700. உங்களைத் தவிர யாருக்கும் உள்ளே கால்வைக்க இடமில்லை. பக்கத்தின் ஃபைலுக்கு எவ்வளவு தாராளமாக அனுமதி கொடுத்தாலும், அதற்குப் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி வேண்டும். ஒரு கதவு பூட்டியிருந்தாலும் 403தான். ஹோமைத் திறந்துவிடாதீர்கள். வார் (var) ஃபோல்டருக்குள் வெப் பக்கங்களுக்கென்றே இருக்கும் இடத்துக்குப் பக்கத்தை மாற்றுங்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும்: மற்றவர்கள் நுழையலாம், படிக்கலாம், மாற்ற முடியாது.

இனி கல்தச்சனுக்கு. விபிஎஸ் பொது ஐபியோடு பிறக்கிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை. நான் எடுத்த முதல் விபிஎஸ்ஸில் ஒரு பக்கம்கூடப் போடவில்லை, அன்று மாலைக்குள் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) பெயரில் நுழையப் பார்த்தவர்களின் வரிகள் லாக் (பதிவு ஃபைல்) முழுக்க. ஃபயர்வால் என்றால் என்னவென்றே தெரியாதவரை நடுத்தெருவில் உட்கார்த்திப் பாடம் நடத்தலாமா? ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பையை நாம் வாசல் திறக்காதவரை வெளியிலிருந்து நேராகத் தொட முடியாது. தப்பு செய்து பழக அதைவிட நல்ல இடம் எது? கெட்டுப்போனால் கார்டை அழித்து மறுபடி எழுதினால் முடிந்தது.

கல்தச்சன்:
பூட்டியிருக்கும்வரை பாதுகாப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் பூட்டியே வைத்திருக்கிறார்கள்? பக்கம் வந்த மறுநாளே ஊருக்குக் காட்ட ஆசை வரும், போர்ட்டைத் திறந்துவிடுவார்கள். 2017-இல் பையை மட்டும் குறிவைத்து ஒரு தீநிரல் வந்தது. பழைய ஓஎஸ்ஸில் எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். மாற்றாதவர்களின் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து கிரிப்டோ நாணயம் தோண்ட வைத்தது. 2022-இல் அந்தப் பொதுப் பயனரையே எடுத்துவிட்டார்கள், நல்லது. ஆனாலும் பலவீனமான கடவுச்சொல்லைத் தும்பியே வைக்கலாம் அல்லவா? விபிஎஸ்ஸை உடைத்தால் போவது விபிஎஸ் மட்டும். பையை உடைத்தால் அதே வைஃபையில் இருக்கும் உங்கள் லேப்டாப்பும் போனும் அவர்களுக்குப் பக்கத்து அறை. இதற்கு என்ன பதில்?

நிலவறை:
நியாயமான கேள்வி. அதனால்தான் கற்கும்போது போர்ட்டைத் திறக்கவே வேண்டாம் என்கிறேன். திறந்தே ஆக வேண்டிய நாள் வந்தால் எஸ்எஸ்ஹெச்சுக்குச் சாவி ஃபைல் மட்டும், கடவுச்சொல் நுழைவு நிறுத்தம், பைக்குத் தனி நெட்வொர்க். ஊருக்குக் காட்ட வேண்டிய பக்கத்துக்கு விபிஎஸ்ஸே எடுக்கட்டும், அதில் உங்களோடு சண்டையில்லை. முதல் மாதம் எங்கே என்பதில்தான் சண்டை.

அரைத்தூக்கம்:
இருவரும் கார்டையும் கரண்டையும் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள். என் மூன்று வாரம் அங்கேதான் போனது.

என் பையில் சர்வர் காரணமே இல்லாமல் மெதுவாகும், சில நாள் நின்றும் போகும். கான்ஃபிக்கை வரிவரியாகத் துருவினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. விசிஜென்கமாண்ட் என்ற பையின் கமாண்டில் த்ராட்டில் (வேகக் குறைப்பு) நிலையைக் கேட்டபோது 50005 என்று முடிந்த ஒரு எண் வந்தது. மின்னழுத்தம் இப்போதும் குறைவு, முன்பும் குறைந்திருக்கிறது, அதனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன் என்று பை சொல்லும் கணக்கு அது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் இப்படி. நான் போட்டிருந்தது பழைய போன் சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும். இரண்டையும் மாற்றினேன், அத்தோடு சரியாயிற்று. ஆனால் அதற்குள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் விழுந்து ஒரு கார்டு பாழாகிவிட்டது.

இன்னொன்று, பை 3-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. ஆன் ஆனதும் பழைய நேரத்திலிருந்து ஓடத் தொடங்கி, இன்டர்நெட் கிடைத்த பிறகுதான் சரிசெய்துகொள்ளும். லாக்கில் நேரம் பின்னால் போனது போலத் தெரிந்தால் பயப்படாதீர்கள்.

கல்தச்சன்:
பாருங்கள், நான் சொன்னது இதைத்தான். மூன்று வாரம் சார்ஜருக்குப் போயிருக்கிறது!

அரைத்தூக்கம்:
போனதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலையில் ஒரு சர்வர் படுத்தால் இன்று நான் கான்ஃபிக்குக்கு முன்னால் மின்சாரம், டிஸ்க், நேரம் மூன்றையும் பார்க்கிறேன். விபிஎஸ்ஸில் இந்த மூன்றையும் யாரோ நமக்காகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதனால் அவை இருப்பதே கண்ணில் படாது.

கல்தச்சன்:
அந்தப் பழக்கம் நல்ல பழக்கம், மறுக்கவில்லை. இருந்தாலும் புதியவர்களுக்கு நான் விபிஎஸ்ஸைத்தான் சொல்வேன். மூன்று வாரம் பொறுத்தவர் நீங்கள். ஐந்தாம் நாளே மூட்டைகட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தும்பி, பையிலேயே தொடர்வதென்றால் கான்ஃபிக் ஃபைல்களின் நகலை மட்டும் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு சொல்லிவிட்டுச் சாகாது.

தும்பி:
மூவருக்கும் நன்றி. பக்கத்தை வாருக்கு மாற்றினேன், 755-ம் 644-ம் கொடுத்தேன், போனில் திறந்துவிட்டது! த்ராட்டில் எண்ணையும் பார்த்தேன், சுழியம்தான். நகலும் எடுத்தாயிற்று. போர்ட்டை இப்போதைக்குத் திறக்கப் போவதில்லை.

ஒரு சந்தேகம். ஒரு பக்கம் லாக் ஓட, மறுபக்கம் போனில் பக்கத்தைத் திறந்தேன். என் பக்கத்துக்கு 200 (சரி) விழுந்தது. அதே நொடியில் ஃபேவ்ஐகான் என்ற ஃபைலுக்கு 404 (கிடைக்கவில்லை). அப்படி ஒரு ஃபைலை என் பக்கத்தில் எங்குமே நான் குறிப்பிடவில்லை. யார் கேட்கிறார்கள் அதை?

நிலவறை:
பிரவுசர் தானாகவே கேட்கும். டேப்பில் தலைப்புக்குப் பக்கத்தில் தெரியும் குட்டிப் படம்தான் அது. ஒன்று வரைந்து அதே பெயரில் உங்கள் பக்கம் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள், அனுமதி 644.