“ஏன் படிக்கிறே?”ன்னு கேட்கப் போனவங்க கதை: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஐந்தாம் வருஷக்காரி

கல்வி உளவியலில் பிஎச்.டி. செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கற்றல் ஊக்கம்தான் தலைப்பு. முதல் வருஷம் வீட்டுக்கு வந்த சித்தப்பா, “ஊக்கத்தை எப்படிம்மா அளப்பே, தராசு வச்சா?” என்று கேட்டார். சிரித்து வைத்தேன். அன்றைக்கு என்னிடம் தராசு இருந்தது.

கனடாவில் உளவியலாளர் வாலராண்டும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 1992-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த கல்வி ஊக்க அளவுகோல் அது. “ஏன் பள்ளிக்கூடம் வருகிறாய்?” என்பது ஒரே கேள்வி, அதற்கு 28 காரணங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று பிள்ளை 1 முதல் 7 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பின்னால் நிற்பது அமெரிக்க உளவியலாளர்கள் டெசி, ரயன் இருவரின் சுயநிர்ணயக் கோட்பாடு: ஒரு காரியத்தை எவ்வளவு தன் விருப்பத்தில் செய்கிறோம் என்று ஊக்கத்தை வரிசைப்படுத்துவது. ஒரு கோடியில் ஊக்கமே இல்லாத நிலை. அதற்கடுத்து பரிசுக்காகவோ அடிக்குப் பயந்தோ செய்வது, பிறகு ‘செய்யாவிட்டால் கேவலம்’ என்று மனசு குத்துவதால் செய்வது, பிறகு ‘இது எனக்கு வேண்டும்’ என்று ஏற்றுக்கொண்டு செய்வது. மறுகோடியில், பிடித்திருப்பதால் செய்வது.

தமிழாக்கத்தில் முதல் சண்டை தலைப்பிலேயே வந்தது. கைடு ‘செயலூக்கம்’ என்றார். தமிழ்த்துறை ஐயா ‘உந்துதல்’தான் சரி என்றார். எனக்கு ‘ஊக்கம்’ போதும் என்று தோன்றியது. இரண்டு வாரம் இதிலேயே போனது. இதில் வேடிக்கை, பிள்ளைகளிடம் கொடுத்த தாளில் அந்தச் சொல் ஓர் இடத்திலும் கிடையாது. என் ஆய்வேட்டின் அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

முறைப்படி எல்லாம் செய்தேன். நான் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அச்சாகப் பொருந்தியது. சந்தோஷமாக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தாளைக் கொடுத்ததும் முதல் கேள்வி: “மிஸ், இது எந்த சப்ஜெக்ட் டெஸ்ட்?”

டெஸ்ட் இல்லை, சரி தப்பு கிடையாது, பேர் எழுத வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் மேலே பேரும் வகுப்பும் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். புதிய விஷயங்களைக் கற்கும்போது மகிழ்ச்சியும் மனநிறைவும் கிடைப்பதால் வருகிறேன் என்று ஒரு வாக்கியம். “மகிழ்ச்சி இருக்கு மிஸ், மனநிறைவு இல்ல. எந்த நம்பர் போடட்டும்?” அந்த வாக்கியத்தை நாலு பேர் பார்த்திருந்தோம். அதில் இரண்டு கேள்வி இருப்பது அவனுக்குத்தான் தெரிந்தது.

ஊக்கமின்மையை அளக்கும் வாக்கியங்களில் இன்னொரு கூத்து. ஏன் பள்ளிக்கு வருகிறேன் என்றே தெரியவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை என்கிற மாதிரி வரும். பின்னால் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் மெதுவாக என்னிடம் வந்து, “இதுக்கு ஏழு போட்டா வீட்ல இருந்து ஆள் கூட்டிட்டு வரச் சொல்வாங்களா?” என்றாள். மாட்டார்கள் என்றேன். போய் உட்கார்ந்து ஒன்றுக்கு வட்டமிட்டாள். வகுப்பே ஒன்றுதான். ஆர்வக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் ஏழு. அந்தத் தரவை நம்பினால், அந்த வகுப்பைப் போல் படிப்பில் ஆசை உள்ள பிள்ளைகள் உலகத்தில் எங்கும் இல்லை.

அடுத்த வாரம் சில பேரைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். “ஏன் படிக்கிறே?” என்றதற்கு ஒரு பெண் சொன்னாள்: “அக்கா படிக்கல மிஸ். அதான்.”

அவ்வளவுதான் பதில். நான் காத்திருந்தேன், அவளும் காத்திருந்தாள். இதை எந்தப் பெட்டியில் போடுவது? கைடு யோசிக்காமல், “குற்றவுணர்ச்சி வகை, அங்கே போடுங்க” என்றார். ஆனால் அவள் முகத்தில் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னாள். ‘மனசு குத்தும்’ அந்த வகைக்கான நாலு வாக்கியங்களின் நம்பகத்தன்மைக் கெழு (நாலும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று காட்டும் எண்), எல்லோரும் கும்பிடும் 0.7-ஐத் தொடவே இல்லை. காரணம் எங்கே என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பதில், ஒரு பிள்ளை, ஒரு மொத்தத் தரவும் கவிழ்ந்த நாள் இருந்தால் எழுதுங்கள்.

பனிக்காட்டான்

அமெரிக்காவில், மிட்வெஸ்ட் பக்கம், நாலாவது வருஷம் ஓடுது. உங்க மூணாவது பெஞ்சுப் பையனை எங்க லேபுக்கு அனுப்பி வைங்க, வேலை இருக்கு.

என் கதை முதல் வருஷ ப்ராஜெக்ட். டெசி 1971-இல் வெளியிட்ட சோமா புதிர்ச் சோதனை தெரிஞ்சிருக்கும். கல்லூரிப் பசங்க 24 பேர். துண்டுகளைச் சேர்த்து உருவம் பண்ணணும். பாதிப் பேருக்கு நடுவில் ஒரு நாள் மட்டும், முடிச்ச உருவம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு டாலர். நடுவில் அவர் ஏதோ சாக்குச் சொல்லி 8 நிமிஷம் வெளியே போவார். மேஜையில் பத்திரிகைகள் கிடக்கும். அந்த 8 நிமிஷத்தில் யார் தானாகவே புதிரைத் தொடறாங்க என்பதுதான் அளவு. காசு வாங்கினவங்க, காசு நின்ன பிறகு குறைவா தொட்டாங்க.

அதே மாதிரி பண்ணிப் பார்க்கலாம்னு ஆரம்பிச்சேன். நான் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தின அடுத்த நொடி, காசு வாங்கினவன் வாங்காதவன் பேதமில்லாம எல்லாரும் போனை எடுத்துட்டாங்க. 1971-இல் ஒரு மனுஷனைத் தனியா விட்டா அவனுக்குப் புதிர், பத்திரிகை, கூரை மூணுதான். இப்போ அப்படி இல்லை. சரின்னு போனை வாங்கி வச்சோம். அப்போ என்ன பண்ணாங்க தெரியுமா? சும்மா உட்கார்ந்தாங்க. ஒரு பொண்ணு கண்ணை மூடித் தூங்கினா. அட்வைசர் வீடியோவைப் பார்த்துட்டு, “இவங்களுக்கு ஊக்கக் குறைவு இல்லை, தூக்கக் குறைவு”ன்னார். அதோட அந்த ப்ராஜெக்ட் மூட்டை கட்டியாச்சு.

உங்க ‘அக்கா படிக்கல’ பதிலுக்கு வர்றேன். ஷீனா ஐயங்கார், லெப்பர் 1999-இல் ஒரு ஆய்வு பண்ணாங்க. ஏழிலிருந்து ஒன்பது வயசுப் பிள்ளைகள், எழுத்து மாற்றி வார்த்தை கண்டுபிடிக்கற விளையாட்டு. ஒரு கூட்டம் தானே தேர்ந்தெடுக்கும், ஒரு கூட்டத்துக்கு சோதனை நடத்தறவங்க தேர்ந்தெடுப்பாங்க, இன்னொண்ணுக்கு ‘உங்க அம்மா இதைத்தான் எடுத்தாங்க’ன்னு சொல்வாங்க. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தானே எடுத்தப்போ நல்லா பண்ணாங்க. ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் அம்மா எடுத்ததுன்னு சொன்னப்போ.

செமினாரில் இதைப் பேசறப்போ ஒரு பேராசிரியர் என்னைப் பார்த்து ஆசையா, “அப்போ இந்தத் துறையும் உன் அம்மா தேர்ந்தெடுத்ததா?”ன்னு கேட்டார். அம்மா தேர்ந்தெடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னிக்கும் போன்ல ‘ஒரு சர்டிபிகேட் கோர்ஸாவது பண்ணுடா’ம்பாங்க.

ஆனா உங்க கைடு சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். ‘சுயம்’னா தனியா நிக்கறதுன்னு அர்த்தம் இல்லைன்னு டெசி–ரயன் தரப்புலயே சொல்றாங்க. 2003-இல் சிர்கோவ், ரயன் எல்லாரும் தென் கொரியா, ரஷ்யா, துருக்கி, அமெரிக்கா நாலு நாட்டிலயும் பார்த்து எழுதினது இதைத்தான். அடுத்தவங்களுக்காகச் செய்யறதையும் மனசார ஏத்துக்கிட்டா அது தன்னிச்சைதான். அந்தப் பொண்ணு அக்காவுக்காகப் படிக்கறா, ஆனா யாரும் தள்ளிவிட்டுப் படிக்கல. அது ‘ஏற்றுக்கொண்டது’ பெட்டி. அந்த அளவுகோல்ல ஏற்றுக்கொண்ட வகைக்கான வாக்கியங்களைப் பாருங்க, பெரும்பாலும் வேலை, எதிர்காலம். அக்கா உள்ளே வர கதவே வைக்கல.

சாக்பீஸ்

நான் ஆய்வாளர் இல்லை, தொடக்கப்பள்ளி ஆசிரியை. பி.எட்.-இல் படித்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்தது. படம் வரையப் பிடித்த குழந்தைகளிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவேன் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தைகள் மற்றவர்களில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை.

நான் தினமும் கையில் ஸ்டார் போடுகிறவள். என் வகுப்பில் “பாட்டு பாடுங்க” என்றால்கூட “மிஸ், ஸ்டார் உண்டா?” என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தது. சரி, இனி சொல்லாமல் கொடுப்போம் என்று மாற்றினேன். எதிர்பாராத பரிசு எங்கள் வகுப்பில் சரியாக ஒரு வாரம் தாங்கியது. அடுத்த திங்கட்கிழமை, “மிஸ், இன்னிக்கு எதிர்பாராத ஸ்டார் எப்போ?” என்று கேட்டுவிட்டார்கள்.

பனையோலை

நான் யாழ்ப்பாணத்திலை படிப்பிக்கிறன். எம்.எட். செய்யேக்க தமிழ்நாட்டிலை ஆரோ மொழிபெயர்த்த வினாக்கொத்து ஒண்டு கிடைச்சுது. தமிழ்தானே எண்டு அப்பிடியே பாவிச்சன். ‘தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுவதற்காக’ எண்டு ஒரு வசனம். எங்கட பிள்ளையளுக்கு அது பரீட்சை, புள்ளி. ஒரு பொடியன் எழும்பி, “சேர், தேர்வு எண்டா ரீமுக்கு ஆள் எடுக்கிறதோ?” எண்டான். அவன் ஏழுக்கு வட்டம் போட்டிருந்தான், நல்ல பந்துவீச்சாளன்.

அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதப்போற பிள்ளை ஒண்டிட்டயும் கேட்டன், ஏன் படிக்கிறியள் எண்டு. “வெட்டுப்புள்ளிக்கு மேலை எடுக்க.” எடுத்தாப் பிறகு? பிள்ளை என்னைப் பாத்து முழிச்சுது. அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது எண்டு இப்பவும் நினைக்கிறன்.

விட்டு வந்தவன்

நான் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டவன். அதுவும் ஓர் அனுபவம்தானே, எழுதறேன்.

ஜே.ஆர்.எஃப். (நெட் தேர்வுல மேலே வந்தா கிடைக்கற ஆய்வு உதவித்தொகை) கிடைச்சவங்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000 ரூபாய். நெட் இல்லாம மத்தியப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தவங்களுக்கு 8,000. நான் ரெண்டாவது ஜாதி. அதுவும் சில சமயம் ஆறு மாசத்துக்கு ஒருமுறை மொத்தமா வரும். தினமும் உட்கார்ந்து ‘வெளிவெகுமதி உள்ளார்ந்த ஆர்வத்தைக் கெடுக்குமா?’ன்னு எழுதிட்டு, மாசக் கடைசியில் மெஸ் பாக்கிக்கு நண்பன்கிட்ட கடன் கேட்கப் போவேன். டெசி, கோஸ்ட்னர், ரயன் 1999-இல் 128 ஆய்வைத் தொகுத்து ‘கெடுக்கும்’னாங்க. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே கேமரூன், பியர்ஸ் ‘அவ்வளவா இல்லை’ன்னு தொகுத்திருந்தாங்க. என் சொந்த ஆய்வு ஒரே ஒரு ஆள் வச்சு நடந்தது: வெகுமதி வராட்டியும் ஆர்வம் கெடும்.

ஒரு கற்றல் செயலி கம்பெனியில் சேர்ந்தேன். இன்டர்வ்யூல என் ஆய்வைப் பத்தி ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, “சூப்பர், பசங்க ஆப்பை விட்டுப் போகாம இருக்க ஐடியா சொல்லுங்க”ன்னாங்க. தொடர்ச்சியா இத்தனை நாள் வந்தா நெருப்புப் படம், விட்டா பூஜ்யம். அது நாங்க கண்டுபிடிச்சதில்ல, எல்லாரும் பண்றதுதான். பெற்றோர்கிட்ட போன்ல பேசற வேலை ஒருநாள் எனக்கு வந்தது. ஓர் அம்மா சொன்னாங்க: “தம்பி, என் பையன் ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு அலாரம் வச்சு எந்திரிக்கிறான். கண்ணைத் திறக்காமலே நாலு பதிலை அமுக்கிட்டு மறுபடி படுத்துடறான். இது நல்லதா?”

எங்க டேஷ்போர்டில் அவன் முதல் தர மாணவன். நான் “நல்லதில்லைம்மா”ன்னேன். அந்த போன் பேச்சு பதிவாகும்னு தெரியும். இப்போ அங்கேயும் இல்ல, ஒரு ட்யூஷன் சென்டர்ல கணக்கு எடுக்கறேன். சந்தோஷமா இருக்கேனான்னு கேட்காதீங்க, ஏழுக்கு எத்தனைன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவேன்.

பனிக்காட்டான்

விட்டு வந்தவன் அண்ணே, இங்கேயும் தேனும் பாலும் ஓடல. 2025 பிப்ரவரியில் கல்வி ஆய்வுக்கான மத்திய நிறுவனத்தோட ஏறத்தாழ 90 கோடி டாலர் ஒப்பந்தங்களை ஒரே அடியில் ரத்து பண்ணாங்க. எங்க லேப்ல அன்னிக்கு யாரும் மீட்டிங்ல பேசல.

இன்னொண்ணு. ‘வளரும் மனப்பான்மை’ (முயற்சி பண்ணா அறிவு வளரும்ங்கற நம்பிக்கை) பத்தி எல்லாரும் கேட்பாங்க, அதனால சொல்லிடறேன். 2019-இல் நேச்சர் இதழ்ல வந்த பெரிய ஆய்வு, சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆன்லைன் பாடம். பின்தங்கின பிள்ளைகளுக்கு 0.1 கிரேடு புள்ளி கூடிச்சு. என் மாமா ஒரு பள்ளி நடத்தறார், சுவர் முழுக்க அந்த வாசகத்தைப் பெயின்ட் பண்ணி வச்சிருக்கார். 0.1-ன்னு சொன்னேன். “பெயின்ட்டுக்கே எண்பதாயிரம் ஆச்சுடா”ன்னார். ஒரு மணி நேரத்துக்கு 0.1 மோசமில்லைங்கறது என் கட்சி. சுவருக்கு எவ்வளவுன்னு தெரியல.

ஐந்தாம் வருஷக்காரி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பனிக்காட்டான் சொன்ன ‘அக்கா உள்ளே வர கதவே வைக்கல’ என்ற வரியைக் கைடுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு, “ஆய்வேட்டில் கதவு என்று எழுதாதீங்க” என்றார். அதற்குமேல் தடை சொல்லவில்லை.

பிஎச்.டி.க்கான ஆறு வருஷக் கெடுவில் எனக்கு மிச்சம் அதிகமில்லை. 28 வாக்கியத்தையும் வைத்துக்கொள்கிறேன், ஆனால் மகிழ்ச்சியையும் மனநிறைவையும் இரண்டாகப் பிரித்துவிட்டேன். தாளின் கடைசியில் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறேன்: “யாருக்காகப் படிக்கிறே? யாரும் இல்லைன்னா ‘யாரும் இல்லை’ன்னு எழுது.” பனையோலை, உங்கள் ஊருக்கு இதை எப்படி மாற்றுவது என்று சொல்லுங்கள், தேர்வு என்ற சொல்லை எடுத்தாயிற்று.

திங்கட்கிழமை அதே பள்ளிக்குப் போகிறேன். இந்த முறை டீச்சரை ஸ்டாஃப் ரூமிலேயே டீ குடிக்கச் சொல்லிவிட்டேன்.